கிடங்கில் வெந்த பீன்ஸ்

சனிக்கிழமை காலை வீட்டுச் சொந்தக்காரன் எமில் ரோபிஷோ தன் பிக்கப் வண்டி நிறைய காலி அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து வாசலில் கொட்டியபோதே வெர்னீஸுக்குப் புரிந்துவிட்டது. வங்கி ஆள் மறுபடியும் வரப்போகிறான். அவள் வீடு மறுபடியும் கிடங்காகப் போகிறது.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு, மிஸ் வெர்னீஸ். ரெண்டே மணி நேரம்தான். அவன் போனதும் ஆள வெச்சு எல்லாத்தையும் நானே பழையபடி எறக்கித் தர்றேன்" என்றான் எமில்.

"போன தடவையும் இதேதான் சொன்ன. என் கட்டில நானும் மிஸ்டர் ஆல்சீட்டும்தான் எறக்கினோம். அன்னைக்கு அவருக்குப் புடிச்ச இடுப்பு இன்னும் விடல."

"கூரை ஒழுகுதுன்னு மாடியில இருக்கவங்க எல்லாம் என் உயிர எடுக்கறாங்க. கடன் கெடைச்சாத்தான் கூரை. நீங்க ரெண்டு பேரும் ஒத்துழைச்சாத்தான் கடன்."

ஒத்துழைப்பாம். கூரை ஒழுகினால் வெர்னீஸ் தலையில் ஒரு சொட்டு விழாது. மேலே இரண்டு மாடி, ஆறு குடும்பங்கள். கீழே அவளும், பக்கத்து வீட்டு ஆல்சீட்டும். இந்த நியூ ஆர்லியன்ஸில் கீழ்த்தளத்துக்கு நிலவறை என்று பெயர். ஒரு படிகூடக் கீழே இறங்க வேண்டியதில்லை. தெருவிலிருந்து நேராக உள்ளே நடந்து வரலாம். தண்ணீரும் அப்படித்தான் வரும், கதவைத் தட்டாமல்.

விஷயம் சிக்கலானது ஒன்றுமில்லை. தாழ்வான பகுதியில் இருக்கும் குடியிருப்புக் கட்டடத்தின் மேல் கடன் கொடுக்கும் வங்கி, வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்று அரசாங்கம் வரைபடத்தில் ஒரு வெள்ளக்கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே கார் நிற்கலாம், சாமான் கிடக்கலாம், மனிதர்கள் குடியிருக்கக் கூடாது. குடியிருந்தால் இன்சூரன்ஸுக்குக் கட்டும் பணம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டு வீடுகளையும் காலி செய்து மூடிவிட்டால் செலவு குறையும். ஆனால் எமிலுக்கு அந்த வாடகையை விடவும் மனசில்லை. ஆகவே மாதத்தின் முதல் தேதியில் அது வீடு. வங்கி ஆள் வரும் அன்றைக்கு அது கிடங்கு.

அவள் இதற்கு இரண்டு முறை தலையாட்டியிருந்தாள். அதுதான் அவளுக்கு ஆறாத கோபம். எமில் மேல் பாதி, தன் மேல் பாதி.

இரண்டாவது முறை தலையாட்டிய மறு வருடம், இன்றைக்கு ஆறு வருடத்துக்கு முன்னால், வெள்ளம் வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் ஆல்சீட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாடிப்படி ஏறி, இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கட்டில், ஃப்ரிட்ஜ், தையல் மெஷின் எல்லாம் போயின. தங்கை லொரெட்டாவின் கல்யாணப் படங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. நிவாரண அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். "மேடம், இந்த விலாசத்துல கீழ வீடே இல்லையே. கிடங்குன்னு இருக்கு." நான் அங்கேதான் தூங்குகிறேன் என்றாள் வெர்னீஸ். ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேட்டாள் அந்தப் பெண். என்ன காகிதம்? வாடகையை எமில் கையில்தான் வாங்குவான், ரசீது கிடையாது. கரண்ட் பில் அவன் பெயரில். தபால்பெட்டிகளில் ஆறு பெயர்கள், எல்லாம் மாடிக்காரர்களுடையவை. அவளுக்கு வரும் கடிதம் மாடியிலிருக்கும் நர்ஸின் பெட்டியில்தான் விழும். பதிமூன்று வருடம் குடியிருந்ததற்குச் சாட்சி அவள் ஒருத்திதான், அவள் சாட்சி எடுபடவில்லை.

ஆனால் இன்சூரன்ஸ் பணத்தில் எமிலுக்குப் புது பாய்லர் வந்தது. அவள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பழைய பாய்லருக்குப் பதிலாக. பாய்லர் காகிதத்தில் இருந்தது. அவள் இல்லை. அந்தப் புது பாய்லர் ராத்திரியில் உறுமும்போதெல்லாம் எழுந்துபோய் அதை ஒரு உதை விட வேண்டும் போல் இருக்கும் அவளுக்கு.

இருந்தும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து கட்டிலைக் கழற்றினாள். அறுபத்தொரு வயதில் வேறு எங்கே போவது? ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலையில், இந்த ஊரில் இந்த வாடகைக்கு இன்னொரு வீடு அவளுக்குக் கிடைக்காது. ஆல்சீட் வந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தார். டிராம் தண்டவாளம் போட்டுப் போட்டே வளைந்துபோன கிழவர். இருவருமாக எல்லாவற்றையும் மாடிப்படியின் முதல் திருப்பத்தில் அடுக்கினார்கள். காலியான அறைகளில் எமிலின் பெட்டிகள், பழைய கதவுகள், பெயிண்ட் டப்பாக்கள் குடியேறின. சுவரில் படங்கள் மாட்டிய ஆணிகள் மட்டும் நின்றன.

அப்போதுதான் ஆல்சீட் மூக்கை உறிஞ்சினார்.

"கண்ணு, அடுப்புல என்ன?"

வெர்னீஸ் கையிலிருந்த தலையணையோடு அப்படியே நின்றுவிட்டாள். ஞாயிறு சாயங்காலம் பீன்ஸை ஊற வைத்தது, காலையில் பாதித் தூக்கத்தில் வெங்காயமும் குடைமிளகாயும் அரிந்து, புகைபோட்ட பன்றி எலும்பும் சாசேஜும் சேர்த்து ஏற்றியது எதுவும் யோசித்துச் செய்ததில்லை. இந்த ஊரில் திங்கட்கிழமை என்றால் எல்லா வீட்டிலும் சிவப்பு பீன்ஸ். கை தானாகச் செய்துவிட்டது. மணி எட்டரை, பீன்ஸ் இன்னும் பாதிகூட வேகவில்லை.

ஆல்சீட் சிரித்துச் சிரித்து இருமினார். "நல்ல கிடங்கு. பீன்ஸ் வேகற கிடங்கு. பேங்க்காரன் வந்தா ஒரு தட்டு குடுத்து அனுப்பு."

"சிரிக்காதீங்க, மிஸ்டர் ஆல்சீட். எமில் வந்து குதிக்கப் போறான்."

எமில் வந்து குதிக்கத்தான் செய்தான். தெருமுனையிலேயே வாசனை வந்துவிட்டதாம்.

"அணைங்க மொதல்ல. மாடிக்குக் கொண்டு போங்க."

"மாடியில யார் அடுப்புல வைக்கட்டும்? எல்லாரும் பூட்டிட்டு வேலைக்குப் போயாச்சு. பாதி வெந்தத அணைச்சா அப்புறம் அது பீன்ஸ் இல்ல, கூழாங்கல்லு. கட்டில எடுன்ன, எடுத்தேன். படத்தக் கழட்டுன்ன, கழட்டினேன். அடுப்ப மட்டும் அணைக்க மாட்டேன்."

எமில் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அதற்குமேல் நேரமில்லை. "சரி. கேட்டா கிடங்கச் சுத்தம் பண்ண வந்தவன்னு சொல்லுங்க. உங்க மத்தியான சாப்பாடுன்னு சொல்லிக்கலாம். மிஸ்டர் ஆல்சீட், நீங்க தயவுசெஞ்சு என் வண்டியில போய் உக்காருங்க."

அவன் அப்பா இருந்தவரை அவளை நிமிர்ந்து பார்த்துப் பேசாத பயல். வெர்னீஸ் பல்லைக் கடித்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள்.

பத்து மணிக்கு வங்கியின் ஆள் வந்தான். கர்டிஸ் என்று பெயர், நாற்பது வயதிருக்கும், வேறு ஊர்க்காரன் இல்லை, பேச்சிலேயே தெரிந்தது. தெருவில் முக்காலியை ஊன்றி, அதன்மேல் மட்டம் பார்க்கும் கருவியை வைத்து, நீளமான அளவுகோலை வாசலில் நிறுத்தி அளந்தான். கட்டடத்தை நான்கு பக்கமும் போட்டோ எடுத்தான். அளவெடுத்ததில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு நூலிழை பிசகாமல் பார்த்துப் பார்த்து எழுதினான். வெள்ளக்கோட்டுக்கு மூன்றரை அடி கீழே கிடக்கிறது அந்தத் தரை. அதாவது கோடு ஓடுவது வெர்னீஸின் தலையணைக்கு மேலே ஒன்றரை அடியில்.

பிறகு உள்ளே வந்தான். இரண்டு எட்டு வைத்ததும் நின்றான். மூச்சை இழுத்தான்.

"யாரோடது?"

"சுத்தம் பண்ற அம்மாவோடது, மத்தியானத்துக்கு" என்றான் எமில், சட்டென்று. "அப்படித்தானே, மிஸ் வெர்னீஸ்?"

"ஆமா. சுத்தம் பண்ண வந்தேன்" என்றாள் வெர்னீஸ். தன் வீட்டுக்குள் நின்று, தன் வாயால்.

கூரையைப் படம் பிடிக்க யாரோ ஆள் வந்திருக்கிறான் என்று எமிலுக்கு போன் வந்தது. அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடிக்குப் போனான். கர்டிஸ் பெட்டிகளை எண்ணுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றான். கால்கள் அடுப்புப் பக்கமே போயின.

"எலும்பு போட்டீங்களா, சாசேஜா?"

"ரெண்டும்."

"எங்க வீட்ல திங்கக்கிழமை யாருக்கும் சமைக்க நேரமில்ல. நான் டப்பாவுல வர்றதத் திறந்து தின்னுக்கறேன்."

இந்த ஊரில் திங்கட்கிழமை பீன்ஸ் பானைக்கு முன்னால் நிற்பவனிடம் தட்டு நீட்டாமல் இருப்பதற்குத் தனியாக ஒரு கல்நெஞ்சம் வேண்டும். வெர்னீஸிடம் அது இல்லை. மூடியைத் திறந்து பார்த்தாள். பீன்ஸ் வெந்து குழைந்திருந்தது. சோறும் இருந்தது. பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவனை உட்கார வைத்தாள். அலமாரியில் கை விட்டுத் தட்டு எடுத்தாள், இழுப்பறையில் கை விட்டுக் கரண்டி எடுத்தாள், கண்ணால் தேடாமலே. அவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

முதல் தட்டு சட்டென்று காலியானது. இரண்டாவது தட்டுக்கு அவனே எழுந்து போட்டுக்கொண்டான். அவனுடைய எழுதும் அட்டை பக்கத்துப் பெட்டியின் மேல் கிடந்தது. வெர்னீஸ் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. கீழ்த்தளத்தின் பயன்பாடு. குடியிருப்பு, வண்டி நிறுத்தம், கிடங்கு. கிடங்குக்கு நேரே டிக். கையால் போட்டது அல்ல, மை அல்ல. டைப் அடித்து வந்திருந்தது.

"இத எப்பப் போட்டீங்க, தம்பி?"

அவன் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ஆபீஸ்லயே போட்டுடுவாங்க, மிஸ் வெர்னீஸ். போன தடவ ஃபைல்ல எப்படி இருந்துச்சோ அப்படி. நான் அளவு எடுக்கத்தான் வந்தேன்."

"ஆளு வர்றதுக்கு முன்னாலயே எழுதியாச்சா?"

"அது ஒரு வழக்கம்."

"நீங்க வர்றீங்கன்னு நான் கட்டிலக் கழட்டினேன். எழுபத்திநாலு வயசுக் கெழவர் மெத்தைய சொமந்து படியேறினாரு. அவரு இப்ப உங்களுக்குப் பயந்து அந்த வண்டியில ஒளிஞ்சு உக்காந்திருக்காரு. நீங்க என்னடான்னா பாக்கறதுக்கே வரல."

கர்டிஸ் கரண்டியைத் தட்டில் வைத்தான். குரலைத் தாழ்த்தினான். "இங்க பாருங்க. நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு வாசல்ல நுழையும்போதே எனக்குத் தெரியும். சொவத்துல ஆணி, அடுப்புல பானை. எனக்கென்ன கண்ணு இல்லையா? குடியிருப்புன்னு எழுதினா பேங்க் பெரிய பாலிசி கேக்கும். எமில் அதப் போட மாட்டான், உங்களத்தான் வெளிய போடுவான். நான் உங்களுக்கு நல்லதுதான் பண்றேன்."

அவ்வளவுதான். ஆறு வருடமாக உள்ளே அடங்கிக் கிடந்தது மேலே வந்துவிட்டது.

"நல்லதா? எல்லாரும் எனக்கு நல்லதுதான் பண்றீங்க. எமில் கம்மி வாடகைக்கு விட்டு நல்லது பண்றான். நீ டிக்கு போட்டு நல்லது பண்ற. தண்ணி வந்தப்ப இடுப்பு வரைக்கும் உங்க நல்லதுலதான் நான் நின்னேன். பக்கத்து ரூமு பாய்லருக்கு நஷ்ட ஈடு கெடைச்சுது, தெரியுமா உனக்கு? எனக்கு ஒரு கம்பளி கெடைக்கல. ஏன்னா கிடங்குல யாரும் குளிர்ல நடுங்க மாட்டாங்க."

"மிஸ் வெர்னீஸ்..."

"சாப்பிட்டியே, ரெண்டு தட்டு. யார் வீட்ல சாப்பிட்ட? சொல்லு. கிடங்குல வந்தா சாப்பிட்ட?"

அவன் தட்டைப் பார்த்தான். அது வழித்துச் சுத்தமாக இருந்தது.

வெர்னீஸ் துடைப்பத்தை வீசிவிட்டு, சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளினாள். காலிப் பெட்டிகள் கூடத்தில் உருண்டன. பின்னால் சுவரில் பழைய தண்ணீர்க்கறை பழுப்பாக ஓடியது. எத்தனை பூச்சு பூசியும் மேலே வந்துவிட்ட கறை. அவள் ஜன்னலைத் திறந்து தெருவுக்குக் கத்தினாள்.

"மிஸ்டர் ஆல்சீட். எறங்கி வாங்க. சாப்பாடு ஆயிடுச்சு. வீட்டுக்கு வாங்க."

சத்தம் கேட்டு முதலில் வந்தவன் எமில். படி இறங்கி வந்தவன் பெட்டிகளையும் திறந்த ஜன்னலையும் தட்டோடு உட்கார்ந்திருக்கும் கர்டிஸையும் பார்த்தான். முகம் கறுத்தது. நேரே போய் அடுப்பை அணைத்தான்.

"என்ன பண்றீங்க? மூளை இருக்கா உங்களுக்கு? என் கடனையே கெடுக்கறீங்களே."

"சுத்தம் பண்றேன். அதுக்குத்தானே வந்தேன்?"

"வாய மூடுங்க. மாசக் கடைசிக்குள்ள நீங்க வெளிய போகணும். நீங்களும் போகணும், அந்தக் கெழவரும் போகணும். பத்தொன்பது வருஷமா வெச்சிருந்ததுக்கு நல்ல மரியாதை பண்ணிட்டீங்க."

ஆல்சீட் வாசலில் வந்து நின்றுவிட்டார். இந்த வார்த்தைக்குத்தான் வெர்னீஸ் பத்தொன்பது வருடம் பயந்தாள். இதைக் கேட்காமல் இருக்கத்தான் மூன்று முறை கட்டிலைத் தூக்கினாள். இப்போது கேட்டாகிவிட்டது. கேட்ட பிறகும் அவள் நின்ற இடத்திலேயேதான் நின்றாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கீழே கிடந்த ஒரு பெட்டியின் மூடியைப் பிய்த்தாள். கர்டிஸின் அட்டையிலிருந்து பேனாவை உருவினாள். இரண்டையும் எமிலின் முன்னால் நீட்டினாள்.

"எழுதிக் குடு."

"என்னத்த?"

"இப்ப சொன்னதத்தான். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்னு. வெர்னீஸ் கெலாட்டாஸ், கீழ்த்தளம், ஒண்ணாம் நம்பர் வீடுன்னு மேல போட்டு, கீழ உன் கையெழுத்தப் போடு. தேதியும் போடு."

எமில் பேனாவை வெடுக்கென்று வாங்கினான். பெட்டி மூடியைச் சுவரில் வைத்து, அவள் பெயரின் முதல் எழுத்தை அழுத்திப் போட்டான். அதற்கு மேல் பேனா நகரவில்லை. புரிய ஆரம்பித்தது அவன் முகத்தில் மெதுவாகத் தெரிந்தது.

"எழுதுடா" என்றாள் வெர்னீஸ். "வீட்ட விட்டுப் போன்னு எழுது. இல்லன்னா கிடங்குலேர்ந்து யார வெளிய அனுப்பறேன்னு எழுது. எது வேணாலும் எழுது. எனக்கு ஒரு காகிதம் வேணும். அது இல்லாமத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால நாயா அலைஞ்சேன்."

எமில் கர்டிஸைப் பார்த்தான், ஏதாவது சொல் என்பதுபோல்.

கர்டிஸ் தொண்டையைச் செருமினான். "எழுதினா அத நான் ஃபைல்ல வெக்கணும், எமில். கீழ யாரும் குடியில்லன்னு பேங்க்ல நீ கையெழுத்து போட்டிருக்க. ரெண்டும் ஒரே ஃபைல்ல இருந்தா நல்லா இருக்காது."

"நீயும் சேந்துக்கிட்டியா? ரெண்டு தட்டு பீன்ஸுக்கு?"

"மூணாவது தட்டுக்கு மானம் இடம் குடுக்கல" என்றான் கர்டிஸ். யாரும் சிரிக்கவில்லை, ஆல்சீட்கூட.

எமில் அந்தப் பெட்டி மூடியை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டான். பேனாவைக் கீழே எறிந்தான். வக்கீலை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, உருண்டு கிடந்த தன் பெட்டிகளுக்கு நடுவே வழி தேடிப் போனான். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிய சத்தம் கேட்டது.

இதோடு முடியாது என்று வெர்னீஸுக்குத் தெரியும். பெரிய பாலிசி என்பான், வாடகையை ஏற்றுவான், கூரை ஒழுகுவதற்கு அவள்தான் காரணம் என்று மாடியில் சொல்லிக்கொடுப்பான். வக்கீலிடமிருந்து கடிதம் வரும். வரட்டும். அதன்மேல் அவள் பெயரும் அவள் வீட்டு நம்பரும் இருந்தாக வேண்டும். கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போக அவளிடம் முதல் முறையாக ஒரு காகிதம் இருக்கும்.

அவள் அடுப்பை மறுபடி பற்றவைத்து ஆல்சீட்டுக்குத் தட்டு எடுத்தாள். கர்டிஸ் குனிந்து பேனாவைப் பொறுக்கினான். டைப் அடித்திருந்த டிக்கின் மேல் ஒரு கோடு இழுத்தான், பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டான். பிறகு அவளை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்.

"எத்தன ரூமு, மிஸ் வெர்னீஸ்?"

"ரெண்டு ரூமு, ஒரு சமையக்கட்டு" என்றாள் அவள். "அதுலதான் நீ உக்காந்திருக்க."